இரண்டு நூல் அதிகம்

கடையிலிருந்து,
மார்ச் 9

அன்பு நாத்தனாருக்கு,

பதினெட்டும் விற்றுவிட்டது. வாங்கியவர் ஒரே ஆள். அது போக, அதில் ஒன்றை மட்டும் இன்னும் நூற்றிருபது உருப்படி செய்து தரச் சொல்லி ஆர்டரும் கொடுத்திருக்கிறார். நீ எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதம் கைவசம் இருந்ததால் உன் சார்பில் நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன். போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொள். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். நீ எடுக்க மாட்டாய். எடுத்தால் இரண்டு ‘ம்’ கொட்டிவிட்டு, கையெல்லாம் மண் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உனக்குக் களிமண் மூட்டை கொண்டுவரும் நம் கடை வண்டி டிரைவரிடமே கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு. மனிதர் அவசரப்பட மாட்டார், டீ மட்டும் இரண்டாகக் கேட்பார்.

‘இயற்கை வடிவங்கள்: இன்றைய பீங்கான் சிற்பங்கள்’ என்று கண்காட்சி வாசலில் பெரிதாக எழுதியிருந்தார்கள். உள்ளே போனால் வெள்ளைச் சுவர், வெள்ளைப் பீடம், பீடத்துக்கு ஒரு விளக்கு. நம் டைல்ஸ், வாஷ்பேசின் ஷோரூமை நான் அப்படிக் காலியாக வைத்திருந்தால் கடை நொடித்துவிட்டது என்று பேசிக்கொள்வார்கள். உன் குளவிக்கூடு, பவளம், மரத்தில் ஒட்டி வளரும் காளான், நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, வாய் பிளந்து வெடித்த மரக்காய் எல்லாம் ஆளுக்கொரு பீடத்தில் தனிக்குடித்தனம். பீங்கானை நான் தட்டிப் பார்க்காமல் வாங்கியதும் இல்லை, விற்றதும் இல்லை. விரலை மடக்கிக் காளானில் ஒரு தட்டுத் தட்டினேன். சுத்தமான சத்தம், உள்வெடிப்பு இல்லை. கேலரி அம்மாள் கறுப்புப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். தொடக் கூடாது என்றார். செய்தவளுடைய அண்ணி நான் என்றேன். “செஞ்சவங்களே வந்தாலும் இனிமே தொடக் கூடாதும்மா” என்றார்.

வாங்கியவர் ஓட்டல் முதலாளி. மூன்று ஓட்டல் கட்டுகிறார். ஒன்று முடியும் தறுவாயில் இருக்கிறது, ஒன்று பூச்சு வேலையில் இருக்கிறது, ஒன்று அஸ்திவாரத்தில் நிற்கிறது. உன் வெடித்த காயை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். அறைக்கு ஒன்று வைத்தால் எப்படி இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம், “கைவேலைக்காரங்க ஒண்ணு மாதிரி இன்னொண்ணு தர மாட்டாங்களே” என்று இழுத்தார். வாங்க நினைக்கிறவன் வாயில் ‘ஆனால்’ வந்தால், அந்த இடத்தில்தான் வியாபாரி பேச வேண்டும். “ஷேடு மாறாது, அளவு மாறாது, உங்க ஆர்டர் முடியற வரைக்கும் அவ வேற டிசைனைக் கையால தொட மாட்டா. நான் ஜவாப்தாரி” என்றேன். மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னதும் நான்தான். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

முன்பணம் உன் பெயருக்கு வந்துவிட்டது. அந்தப் பழைய சூளையை உடைத்துப் போட்டுவிட்டுப் பெரிதாக ஒன்று வாங்கு. நீ ஏன் வரவில்லை என்று கேட்டவர்களிடம் சூளை எரிகிறது என்று சொல்லிச் சமாளித்தேன். அடுத்த தடவையாவது தலையை வாரிக்கொண்டு வந்து நில்.

உன் அண்ணன் குடோனில் சுகமாக இருக்கிறார். பேசாமல் இருப்பதில் உங்கள் வீட்டில் யாருக்கும் குறைந்தவர் இல்லை.

உன் அண்ணி


கொட்டகை,
மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவையும் நூற்றிருபது என்றுதான் இருந்தது.

முதலில் நன்றி. இந்தக் கொட்டகைக்கு வாடகை கட்டுவது நீங்கள். மண் அனுப்புவது நீங்கள். பதினோரு வருஷமாக நான் செய்ததை யாரும் திரும்பிப் பார்க்காதபோது, “ஒரு நாள் போணியாகும்டி” என்று சொன்ன ஒரே ஆளும் நீங்கள். அதனால்தான் அதிகாரக் கடிதத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஆனால் அண்ணி, அந்தக் காயை நான் வெடிக்க வைக்கவில்லை. காயும்போது மேலே போட்டிருந்த ஈரத்துணி ஒரு பக்கம் நழுவியிருக்கிறது. மேற்கு ஜன்னல் காற்றில் அந்தப் பக்கம் மட்டும் முந்திக் காய்ந்து, தானாகப் பிளந்துவிட்டது. வீணாகிவிட்டதென்று, மண்ணைக் கரைக்கும் தொட்டியில் போடப் போனேன். கையில் எடுத்ததும் பிளவுக்குள் பார்த்தேன், போடவில்லை. நான் செய்த வேலை அவ்வளவுதான். அதையே மறுபடி நூற்றிருபது தடவை எப்படிச் செய்வது?

அவரிடம் ஒன்று கேளுங்கள். நூற்றிருபது காய் தருகிறேன், ஆனால் ஒவ்வொன்றும் அதனதன் போக்கில் வெடிக்கட்டும். மரத்தில்கூட ஒரு காய் இன்னொரு காய் மாதிரி வெடிப்பதில்லை.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


கடையிலிருந்து,
மார்ச் 17

அன்பு நாத்தனாருக்கு,

கேட்டேன். முடியாது என்றுவிட்டார். அவர் சொன்ன காரணத்தைக் கேள். “ஒரே வாடகை குடுக்கிற ரெண்டு பேருக்கு ரெண்டு விதமா வெச்சா, பக்கத்து ரூம் காய்தான் நல்லாருக்குன்னு கவுன்ட்டர்ல வந்து நிப்பாங்கம்மா.” என் கடையிலும் அதே கதைதான்.

சொந்தமாகத் தொழில் தொடங்கிய புதிதில் சைக்கிள் கேரியரில் உடைசல் டைல்ஸ் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனவள் நான், உனக்குத் தெரியும். முதல் முழு லோடு ஒரு வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன். பாதித் தரை ஒரு லாட், மீதி இன்னொரு லாட். வெயில் அடித்த பிறகுதான் தெரிந்தது, ஒரு பாதி பால் வெள்ளை, ஒரு பாதி மோர் வெள்ளை. ஒட்டிய அத்தனையையும் என் கையாலேயே உளியால் பெயர்க்க வைத்தார். பெயர்த்து முடிக்கும்வரை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து யார் என்ன கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது ‘ஷேடு மாறாது’தான். அதைச் சொல்லித்தான் இந்தக் கடை எழும்பியது. உனக்கும் அதைத்தான் கொடுத்தேன்.

இத்துடன் ஒரு கெட்டி அட்டை வருகிறது. ஓட்டலின் மேனேஜர், கண்காட்சிப் புத்தகத்தில் இருந்த படத்தைப் பெரிதாக்கி வெட்டியது. வெளிவடிவம், நடுவில் பிளவு, இரண்டும் இருக்கிறது. சுட்டு எடுத்த காயின் மேல் இதை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நூல் கூடலாம், ஒரு நூல் குறையலாம், அதற்கு மேல் போனால் திருப்பிவிடுவார்களாம். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு தாராளம்தான், தச்சர்கள் அதற்குள் கதவே மாட்டிவிடுகிறார்கள். கேலரி அம்மாள் மாதம் ஒரு தடவை நேரில் வந்து எண்ணிக்கை பார்ப்பார்.

ஒன்றைச் செய்தவளுக்கு நூறு செய்வதா பெரிசு? முதல் பத்துக்கு மூச்சு வாங்கும். அப்புறம் கை பழகிவிடும்.

உன் அண்ணி


கொட்டகை,
ஜூன் 21

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் போடவில்லை என்று டிரைவரிடம் குறைப்பட்டீர்களாம். எழுத உட்கார இடம் இல்லை. மிகைப்படுத்தவில்லை, உண்மையாகவே இடம் இல்லை.

இதுவரை அறுபத்தேழு காய் செய்திருக்கிறேன். தேறியது இருபத்தாறு. திருப்பியதை உடைக்கக் கூடாதாம், யாருக்கும் கொடுக்கவும் கூடாதாம். ஆர்டர் முடியும்வரை எண்ணிக்கைக்கு இங்கேயே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தில் இருப்பதாகக் கேலரி அம்மாள் காட்டினார். முதலில் அலமாரியில் வைத்தேன். பிறகு அலமாரிக்கு மேலே, பிறகு கட்டிலுக்கு அடியில், இப்போது சூளைக்குப் போகும் வழியில். அந்த வழியில் நான் பக்கவாட்டில்தான் நடக்கிறேன். போன வாரம் மேற்கு ஜன்னலுக்கு முன்னாலும் அடுக்கிவிட்டேன். அதோடு ஜன்னலும் போயிற்று.

ஜன்னல் போனதில் நஷ்டமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் முழுக்க துணியை ஒரு பக்கம் விலக்கி, காற்றில் வைத்து, தானாக வெடிக்கக் காத்திருந்தேன். வெடித்தது. அத்தனையும் அட்டைக்கு வெளியே வெடித்தது. மே மாதம் ஒரு நாள் அட்டையைப் பச்சை மண்ணின் மேல் வைத்து, சூளையில் சுருங்கும் அளவுக்குத் தள்ளி, கத்தியால் கீறினேன். கீறலின் ஓரத்தை விரலால் பிய்த்து, வெடித்த மாதிரி ஆக்கினேன். அது தேறிவிட்டது. அண்ணி, தேறிய இருபத்தாறும் கத்தியால் கீறியவை. உண்மையாக வெடித்த ஒன்றுகூட அட்டையில் அடங்கவில்லை. கேலரி அம்மாள் ஒன்றைக் கையில் எடுத்து, “இப்பதான் உங்க கை செட் ஆயிருக்கு” என்றார்.

இன்னொன்றும் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மீந்த மண்ணில் ஒரு வேரைச் செய்தேன். சுவரைப் பிளந்துகொண்டு போகுமே, அப்படி ஒரு வேர். அதற்கு என்று எந்த யோசனையும் இல்லை, கை வேறு எதையாவது கேட்டது. மறுநாள் அந்த அம்மாள் வந்து பார்த்துவிட்டார். கெட்டவர் இல்லை. நன்றாக இருக்கிறது என்றார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு, “நான் பாத்ததா இருக்கக் கூடாது. நீங்களே எடுத்துடுங்க” என்றார். அவர் முன்னாலேயே தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். கரைய ஒன்றரை நாள் ஆயிற்று.

நூற்றிருபது முடிய இப்படியே போனால் இன்னும் பதினோரு மாதம். நான் ஒப்பந்தத்திலிருந்து விலக வழி இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். சூளை வாங்கிவிட்டதால் முன்பணத்தைத் திருப்ப என்னிடம் இல்லை. அது தெரிந்துதான் கேட்கிறேன்.

உங்கள் நாத்தனார்


கடையிலிருந்து,
ஜூலை 2

அன்பு நாத்தனாருக்கு,

உன் கடிதம் மனதைக் கஷ்டப்படுத்தியது. ஆனால் கஷ்டப்பட்டுக்கொண்டே யோசிப்பதுதான் என் பழக்கம்.

கத்தியால் கீறினால் தேறுகிறது என்றால் கத்தியால் கீறு. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? மர நிறத்தில் டைல்ஸ் விற்கிறேன், மரம் என்று யாரும் ஏமாறுவதில்லை. தேறாததை அடுக்க இடமில்லை என்றால் பின்பக்கம் தகரக் கூரை போட ஆள் அனுப்புகிறேன். பதினோரு மாதத்தை ஏழு மாதமாக்க ஒரு யோசனையும் உண்டு. அட்டைக்குப் பதில் தகட்டில் வெட்டிக் கொடுக்கச் சொல்கிறேன், ஈர மண்ணில் வைத்தாலும் நனைந்து வளையாது.

விலகுவது பற்றி இப்போது பேச வேண்டாம். ஓட்டல்காரர் இந்த நேரத்தில் முகம் சுளித்தால் நன்றாக இருக்காது. இரண்டாவது ஓட்டல் பூச்சு முடிகிற நேரம். கொஞ்சம் பொறுத்துக்கொள். உனக்காக மட்டும் சொல்லவில்லை, எல்லோருக்காகவும்தான்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மெலிந்துவிட்டாய் என்று டிரைவர் சொல்கிறார். அவர் கண்ணுக்கு அவரைத் தவிர எல்லோரும் மெலிவுதான், இருந்தாலும் கேட்கிறேன்.

உன் அண்ணி


கொட்டகை,
ஆகஸ்டு 11

அன்புள்ள அண்ணிக்கு,

டிரைவருக்குக் காய்ச்சல் என்று இந்த முறை அண்ணனே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். மூட்டைகளை இறக்கிவிட்டு, காய்களுக்கு நடுவில் வழி தேடி வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் அழுதுகொண்டிருந்தேன், அதனாலோ என்னவோ ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார். என் தலையில் கை வைத்து, “நீ காய் குடுக்கப் போய்த்தான் ஓட்டல்காரரு நம்ம வாஷ்பேசினை எடுத்தாரு. காய் இல்லன்னா பேசினும் இல்லன்னு கறாரா சொல்லிட்டாரில்ல. குடும்பத்தையே தாங்கறடா நீ” என்றார்.

எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

கோபத்தில் எழுதக் கூடாது என்று இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். ஒரே ஒரு கேள்விதான். மூன்று ஓட்டலுக்கும் வாஷ்பேசின், டைல்ஸ் ஆர்டர் உங்களுக்குத் தருவதாக அவர் சொன்னது, நீங்கள் என் பெயரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பா, பின்பா?

நாத்தனார்


கடையிலிருந்து,
ஆகஸ்டு 13

அன்பு நாத்தனாருக்கு,

முன்பு.

அந்த மனிதரின் அலுவலகத்துக்கு அதற்கு முன்னால் இரண்டு தடவை ஏறி இறங்கியிருக்கிறேன். இரண்டு தடவையும் கேட்லாக்கை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார். கண்காட்சியில் உன் காய்க்கு முன்னால் அவர் நின்றபோது எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகு வாங்குகிற முதுகு. காயைத் தருகிறேன், அதன் கீழே இருக்கப்போகிற பேசினையும் நானே தருகிறேன் என்று பேச்சைச் சேர்த்துக் கட்டினேன். அவர் வியாபாரி, முடிச்சைத் திருப்பிப் போட்டார். காய் நின்றால் பேசினும் நிற்கும் என்றார். ஒப்புக்கொண்டேன்.

உன்னிடம் சொல்லாமல் விட்டது மறதியால் இல்லை. சொன்னால் கையை இழுத்துக்கொள்வாய் என்று தெரியும். நூற்றிருபது என்பது எண்தானே, பெண் கை பழகினால் ஓடிவிடும் என்று கணக்குப் போட்டேன். சரக்கு விஷயத்தில் என் கணக்குத் தப்பியதில்லை. உன்னைச் சரக்கோடு சேர்த்து எண்ணியதுதான் தப்பு. பொய் சொல்லி இந்தத் தப்பை மெழுக எனக்கு வராது.

உன் கடிதம் வந்த மத்தியானமே முதல் ஓட்டலுக்குப் போனேன். வரவேற்பறையில் கண்காட்சியில் வாங்கிய பதினெட்டும் கண்ணாடிக்குள் இருக்கின்றன. மாடிக்குப் போய் அறைகளைத் திறந்து காட்டச் சொன்னேன். ஒவ்வொரு குளியலறையிலும் நம் பேசினுக்கு மேலே ஒரு பலகை, பலகையில் உன் காய். ஒன்று, இரண்டு, மூன்று என்று பார்த்துக்கொண்டே போனேன். ஏழாவது அறையில் எந்த அறையில் இருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. பதினாலாவது அறையில் சுத்தம் செய்யும் அம்மாள், பிரிக்காத சோப்புகளைக் காய்க்குள் போட்டு வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், “கை போற அளவுக்கு வாய் வெச்சிருக்காங்க, நல்ல வசதிம்மா” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கிவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். சலுகை கேட்கவில்லை, உண்மை நிலவரம் உனக்குத் தெரிய வேண்டும். மூன்றாவது ஓட்டலுக்கென்று எண்பது பேசின் குடோனில் இறங்கிவிட்டது. அவரே தேர்ந்தெடுத்த நிறம், பாசி படிந்த சாம்பல். வேறு மனிதர் யாரும் அதில் முகம் கழுவ மாட்டார்கள். உன் அண்ணன் இரண்டு அடுக்குக்கு நடுவில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கிறார். நீ பக்கவாட்டில் நடக்கிறேன் என்று எழுதியதைப் படித்தபோது தகரக் கூரை போட ஆள் அனுப்புகிறேன் என்றேன். இப்போது இங்கே பார்க்கிறேன், கூரை போட்டுத் தீருகிற விஷயம் இல்லை.

நானே அவரிடம் போய்ப் பேசட்டுமா? ‘போகிறேன்’ என்று சொல்லாமல், ‘போகட்டுமா’ என்று கேட்கிறேன். இதுவரை கேட்டதில்லை.

அண்ணி


கொட்டகை,
ஆகஸ்டு 20

அன்புள்ள அண்ணிக்கு,

‘முன்பு’ என்று ஒரே சொல்லில் எழுதியதற்கு நன்றி. சுற்றி வளைத்திருந்தால் மீதியைப் படித்திருக்க மாட்டேன்.

சோப்பு வைத்ததைப் பற்றி வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். எனக்கு வருத்தமில்லை. கத்தியால் கீறியதில் சோப்பு வைக்கலாம், ஒன்றும் குற்றமில்லை. என் வருத்தம் வேறு. பதினோரு வருஷமாக எந்தத் தெருவில் நடந்தாலும் கீழே கிடக்கும் காயைக் குனிந்து எடுத்துப் பார்ப்பேன். போன வாரம் கடைத்தெருவுக்குப் போகும் வழியில் ஒரு மரத்தடி நிறைய வெடித்த காய்கள் கிடந்தன. நான் குனியவே இல்லை. எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிப் போனேன். நீங்கள் என்னிடமிருந்து எடுத்தது இதைத்தான். வேறு எதையும் நான் பெரிதாக நினைக்கவில்லை.

நீங்கள் பேச வேண்டாம். எனக்காக இனி யாரும் பேச வேண்டாம். நானே அவரைப் பார்க்கிறேன். உங்களிடம் கேட்பது ஒரே ஒரு உதவி. வரவேற்பறைக் கண்ணாடிக்குள் இருக்கும் முதல் காயை அன்றைக்கு அவர் மேஜைக்கு வரவழைத்துவிடுங்கள். எப்படி என்பது உங்கள் சாமர்த்தியம். நீங்களும் வாருங்கள். ஆனால் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசாமல் இருங்கள்.

பேசி முடிவதை எழுத்தில் வையுங்கள். அவருக்கும் எனக்கும் முடிவதை மட்டுமல்ல, உங்களுக்கும் எனக்கும் முடிவதையும்.

நாத்தனார்


கடையிலிருந்து,
செப்டம்பர் 3

அன்பு நாத்தனாருக்கு,

நீ கேட்டபடி எழுத்தில் தருகிறேன். இரண்டு படி எடுத்திருக்கிறேன். ஒன்றில் கையெழுத்துப் போட்டு டிரைவரிடம் கொடு. இந்தத் தடவை படித்துப் பார்த்துவிட்டுப் போடு.

நடந்ததை முதலில் பதிந்துவிடுகிறேன், பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. நீ துணிப்பையிலிருந்து இரண்டு காயை எடுத்து மேஜையில் வைத்தாய். கண்ணாடிப் பெட்டியைத் துடைக்க வேண்டும் என்று சொல்லி வரவேற்பறைப் பெண்ணிடம் நான் வாங்கி வந்திருந்த முதல் காயையும் நடுவில் வைத்தாய். மூன்றையும் சரிபார்த்துச் சொல்லுங்கள் என்றாய். மேனேஜர் அட்டையை எடுத்தார். ஓரத்துக் காய்கள் இரண்டும் தேறின. நடுக்காயின் மேல் அட்டையை வைத்தார், திருப்பி வைத்தார், கண்ணாடியை மாற்றிக்கொண்டு மறுபடி வைத்தார்.

“ரெண்டு நூல் அதிகம் சார். அடியில வேற கோணலா போகுது. இது ரிஜெக்ட்.”

“அதுதான் நீங்க கண்காட்சியில வாங்கினது” என்றாய்.

முதலாளி காயைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் கேலரி ஒட்டிய எண் இருந்தது. மேனேஜர், படம் எடுத்தவன் சாய்த்து எடுத்திருப்பான் என்று முனகினார். முதலாளி அவரைப் பேச விடவில்லை. உன்னைப் பார்த்து, “அப்ப எனக்கு என்னதாம்மா வேணும்? நீங்களே சொல்லுங்க” என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

“உங்களுக்கு நான் வேணாம். ஒரு அச்சு வேணும்” என்றாய்.

அதற்கு மேல் நான் பேசாமல் இருந்தது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. இருபது வருஷத்தில் ஒரு பேரத்தை வேடிக்கை மட்டும் பார்த்தது அதுதான் முதல் தடவை. சரியாகத்தான் பேசினாய். ஒரே ஒரு இடத்தில் என் கால் உன் காலை மிதித்தது. நீ காலை நகர்த்திக்கொண்டாய்.

அவருக்கும் உனக்கும் முடிந்தது இது. தேறிய நாற்பத்தொன்று அவருடையது. கீறிய காய் ஒன்றை நீ கொடுப்பாய். மீதி எழுபத்தொன்பதைப் பேசின் செய்யும் ஆலையில் அச்சு எடுத்து அவரே வார்த்துக்கொள்வார். வார்த்ததில் உன் பெயர் இருக்காது. முன்பணம் இந்த நாற்பத்தொன்றுக்கும் அச்சுக்கும் சேர்த்துத் தீர்ந்தது, இருபுறமும் பாக்கி இல்லை. கொட்டகையில் இருக்கும் தேறாத காய்களை நீ உடைத்துக்கொள்ளலாம். அந்த வடிவம் இனி அவருக்குச் சொந்தம், வெடித்த காயை நீ இனிச் செய்யக் கூடாது. இதை அவர் சொல்லி முடிப்பதற்குள் சரி என்றாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன், நீ மேஜையைப் பார்த்தாய். மற்ற எதையும் இன்றிலிருந்து செய்யலாம், எங்கேயும் வைக்கலாம். ரிஜெக்ட் ஆன சரக்கு விற்றவருக்கே திரும்ப வேண்டும் என்பது அவருடைய ஒப்பந்தத்திலேயே இருப்பதால் முதல் காய் உன்னிடம் வரும். கொண்டுவரும் கூலி உன்னுடையது.

அவருக்கும் எனக்கும் முடிந்தது இது. முதல் இரண்டு ஓட்டலில் நம் பேசின் நிற்கும். மூன்றாவதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். முடிச்சை நான் போட்டது, அவிழ்ந்ததும் என் பக்கம். எண்பது பேசினும் எனக்கே.

இனி நமக்குள். உன் அதிகாரக் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், நகல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. கொட்டகை அடுத்த மாதத்திலிருந்து உன் பெயரில், வாடகை நீயே கட்டுவாய். மண் கடை வண்டியிலேயே வரும், விலைக்கு. நான் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்றாய், குறைக்க மாட்டேன். உன் வேலையை நான் விற்க மாட்டேன், யாரிடமும் அதைப் பற்றி வாக்குக் கொடுக்க மாட்டேன், விலை கேட்பவரை உன்னிடமே அனுப்புவேன். கண்காட்சி வைத்தால் பார்க்க வரலாமா என்று படியிறங்கும்போது கேட்டேன். கூப்பிட்டால் வாருங்கள் என்றாய். கூப்பிடாவிட்டால் என்று கேட்டேன். அதற்குள் நீ கடைசிப் படியும் இறங்கிவிட்டாய். அதனால் நானே எழுதிக்கொள்கிறேன்: கூப்பிட்டால் வருவேன், கூப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டேன். சம்மதம்.

அண்ணி